நான்காம் தொட்டியின் கொக்கி

எங்கள் நிறுவனத்தில் ஒரு கோளாறுக்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, வடிவமைப்பில் பிழை. இரண்டு, பொருத்தியதில் பிழை. மூன்று, வாடிக்கையாளரின் ஆட்கள் சொன்னபடி பயன்படுத்தாதது. கோளாறு அறிக்கைப் படிவத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று கட்டங்கள் இருக்கும். ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். இரண்டில் போட்டால் அறிக்கை திரும்பி வரும். எதிலும் போடாவிட்டாலும் திரும்பி வரும். விதி, நேரம், தேயிலை விலை போன்றவற்றுக்குக் கட்டம் கிடையாது.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். கோயம்புத்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கிய எங்கள் சின்ன நிறுவனத்தில் விதிமுறை என்று எது இருந்ததோ, அதில் பாதிக்குமேல் என் கையெழுத்தில் பிறந்தது. அதைவிடத் தெளிவான படிவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று இன்றும் சொல்வேன். அதில் போட்ட ஒரு டிக்கினால் நானும் என் மனைவியும் இன்னும் பதினொரு வருடம் வேறு வேறு ஊரில் இருந்தோம்.

பச்சைத் தேயிலை விலை விழுந்துகொண்டே போன வருடங்கள் அவை. பறித்துக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கூலிக்கே விலை கட்டாது என்று செடியிலேயே கொழுந்தை முற்ற விட்டவர்கள் உண்டு. மேலே மலையில் எமரால்டு பக்கம் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பாதி பூட்டிக் கிடந்தன. இருந்தவர்கள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த நேரத்தில்தான் எமரால்டு பக்கத்து ஃபாக்டரி ஒன்றின் முதலாளிக்கு, இயந்திரங்களே யோசித்து ஓடினால் தூள் தரமாக வரும், ஏலத்தில் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ எங்கள் நிறுவனத் தலைவர்.

தேயிலை ஃபாக்டரி என்பது மாடியிலிருந்து கீழே இறங்கும் ஒரு வரிசை. மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுவார்கள். வாடிய இலை கீழே ரோலருக்கு வந்து நசுங்கும். நசுங்கியது தரையில் பரவிப் புளித்துச் செம்பு நிறமாகும். பிறகு ட்ரையரில் வெந்து தூளாகும். மேலே இலை சரியாக வாடவில்லை என்றால் கீழே எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் பயனில்லை.

நான் வடிவமைத்த அமைப்பில் நான்கு பெட்டிகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கான நிரல். நான்கையும் இணைக்க இரண்டே இரண்டு கம்பிகள். தலைமைப் பெட்டி என்று எதுவும் கிடையாது. தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும், பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் தன் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மலையில் மின்சாரம் எந்த நேரத்தில் எந்த மூலையில் போகும் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூளையில் வைத்தால், அந்த மூளை அணையும்போது ட்ரையரில் இருக்கும் இலை கரியாகிவிடும்.

இதை முதலாளிக்கும் மேனேஜருக்கும் விளக்க ஒரு முழுக் காலைப் பொழுது ஆனது. படங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு மேனேஜர் கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க சார். இதுல மேனேஜர் யாருங்க?"

"யாரும் இல்லைங்க."

"மேனேஜர் இல்லாம எப்படிங்க ஓடும்?"

பின்னால் நின்றிருந்த டீமேக்கர், அதாவது தூளின் தரத்துக்குப் பொறுப்பானவர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். முப்பது வருடம் அந்த ஃபாக்டரியில் இருந்தவர். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருக்க ஃபாக்டரி ஓடிக்கொண்டே இருந்ததை நேரில் பார்த்தவர். அவர் சிரிப்பை அடக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருடைய காதுகள் சிவந்ததில் தெரிந்தது.

அந்த வேலையில் எனக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. எங்கள் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஃபாக்டரியில் சோதனை ஓட்டம் தேறிவிட்டால், மலையில் இருக்கும் மற்ற ஃபாக்டரிகளும் வரும். அப்போது குன்னூரில் ஒரு கிளை அலுவலகம் போடுவோம், பொறுப்பு உனக்கு. கடிதமாகவே கொடுத்தார். கடிதமாகக் கேட்டு வாங்கினேன் என்பதே சரி.

என் மனைவி குன்னூரை ஒட்டிய அருவங்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அவளுக்கு மாற்றல் கிடையாது. எனக்குக் கோயம்புத்தூரை விட்டால் வேலை கிடையாது. தாமதமாகக் கல்யாணமாகி ஒன்பது வருடம் சனிக்கிழமைக் கணவனாக இருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறுவேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது பர்லியாரில் பஸ் பதினைந்து நிமிடம் நிற்கும். பழம் கிடைக்கும் காலத்தில் அங்கே மங்குஸ்தான் வாங்குவேன். இருட்டுமுன் வீட்டுக்கு வருவேன். ஞாயிறு நாலு மணிக்கு மறுபடி பஸ். புறப்படும்போது கையில் ஒரு டிபன் டப்பா இருக்கும், எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆறு நாள் அந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். விறகு, தண்ணீர், ஒழுகும் ஓடு, குழாயில் வரும் அட்டை, எல்லாம் அவள் பொறுப்பு. நான் வந்தால் அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்வேன்.

மழைக்காலத்தில் ஆறு வாரம் தினமும் ஃபாக்டரிக்குப் போய்ச் சோதனை ஓட்டத்தை முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஃபாக்டரி ஜீப் காலையில் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய் மாலையில் கொண்டுவந்து விடும். ஆறு வாரம் வீட்டில் இருக்கலாம். ஒன்பது வருடத்தில் அதுவரை இல்லாத நீளம்.

முதல் திங்கட்கிழமை மாலை நான் வந்தபோது என் துணிகள் அலமாரியில் இருந்தன. பையைக் காணவில்லை.

"பை எங்கே?"

"பரண் மேல போட்டுட்டனுங்க. கீழ கெடந்தா பாக்கவே எரிச்சலா வருது."

அந்த வாரங்களில் நான் கற்றுக்கொண்ட விஷயங்கள் சிறியவை. அவள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ரேடியோவோடு சண்டை போடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் ரசம் மட்டும் வைப்பாள். ஆஸ்பத்திரியில் நடந்ததை உடுத்திய புடவையை மாற்றும் முன்பே சொல்லி முடிக்க வேண்டும் அவளுக்கு. இத்தனை வருடம் அதை யாரிடம் சொன்னாள் என்று கேட்டேன். "செவுத்துக்கிட்ட" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ஒருநாள் மாலை அவளுக்கு என் மென்பொருளை விளக்கினேன். நான்கு டம்ளர்களை வரிசையாக வைத்து, இது தொட்டி, இது ரோலர், இது தரை, இது ட்ரையர் என்றேன்.

"இந்த நாலு பேருல பெரியவங்க யாருங்க?"

"யாரும் இல்ல. அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துட்டு, பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன். பக்கத்துப் பெட்டியிலிருந்து செய்தி வராவிட்டால், கடைசியாக அது சொன்னதை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓட வேண்டும். அதற்குமேலும் செய்தி இல்லையென்றால் பத்திரமாக நின்றுவிட வேண்டும்.

"பத்து நிமிசந்தானுங்களா?" என்றாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "நான் ஆறு நாளு ஓட்டறனுங்க."

சோதனை ஓட்டத்தின் நிபந்தனை எளிது. பெட்டிகள் காரணமாக வரிசை நிற்காமல் தொடர்ந்து பத்து வேலை நாள் ஓட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆறு வாரத்துக்குள் தேறாவிட்டால் தோல்வி. நீட்டிப்பு கிடையாது. இந்த நிபந்தனையையும் நான்தான் எழுதினேன். எழுதும்போது மிகவும் நியாயமாக இருந்தது.

முதல் முறை நான்காம் நாள் நின்றது. இரண்டாம் முறை ஆறாம் நாள். இரண்டு முறையும் ஒரே மாதிரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடிப் பெட்டி, இலை இன்னும் ஈரமாக இருக்கிறது என்று சொல்லும். ரோலர் பெட்டி அதை நம்பிக் காத்திருக்கும். ரோலர் காத்திருப்பதால் ட்ரையர் காத்திருக்கும். அடுப்பில் விறகு மட்டும் காத்திருக்காமல் எரியும். டீமேக்கர் மேலே ஓடிப்போய் ஒரு கை இலையை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்ப்பார். "இலை எப்பவோ வாடியாச்சு சார். இன்னும் விட்டா சருகுதான்" என்பார்.

மேல்மாடியில் ஆறு தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் காற்றின் ஈரத்தை அளக்கும் ஒரு கருவி, சுவரிலிருந்து நீளும் எஃகுத் தாங்கியில் பொருத்தியிருந்தது. ஆறில் எது அதிக ஈரம் காட்டுகிறதோ அதைத்தான் பெட்டி எடுத்துக்கொள்ளும். பச்சை இலை ஒன்று தப்பிக் கீழே போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் ஈரம் காட்டியது நான்காம் தொட்டி.

எச்சரிக்கை மணி அடித்தவுடன் நான் மேலே போவேன். மரப்படி. என் எடைக்கு ஒவ்வொரு படியும் ஒரு சத்தம் போடும். நான் போய் நிற்கும்போது நான்காம் தொட்டியின் அளவு மெதுவாக இறங்கிச் சரியாகிக்கொண்டிருக்கும். இலை பரப்பும் மூன்று பெண்கள் தூரத்தில் முதல் தொட்டியைக் கிளறிக்கொண்டு நிற்பார்கள். நான் கருவியைக் கழற்றிச் சோதிப்பேன். கம்பியைச் சோதிப்பேன். நிரலை வரி வரியாகப் படிப்பேன். கருவியை மாற்றினேன். கம்பியை மாற்றினேன். எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதற்கே ஒரு வாரம் போய், அதன் பிறகுதான் மறுபடி எண்ணத் தொடங்கினோம். எல்லாவற்றையும் தேதி, நேரம் போட்டு எழுதினேன். அந்தப் பதிவேட்டைப் பின்னாளில் புதிய பொறியாளர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்கள். அதில் ஒரு வரியிலும் விடை இல்லை.

பெட்டி பேசாமல் போனால் என்ன செய்வது என்று அத்தியாயம் எழுதியவன், பேசும் பெட்டி ஏன் இப்படிச் சொல்கிறது என்று தெரியாமல் விழித்தேன். வீட்டில் அவள் கேட்கவில்லை. ஆனால் காலண்டரில் மீதி நாட்களை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியும். குன்னூர் பெட்போர்ட் பக்கம் வாடகைக்கு ஒரு கடை முகப்பு காலியாக இருக்கிறது, அலுவலகத்துக்குத் தோதாக இருக்கும் என்று ஒருநாள் சொன்னாள். வேறொரு வேலையாகப் போனபோது கண்ணில் பட்டதாம். அந்தப் பக்கம் அவளுக்கு எந்த வேலையும் கிடையாது.

மூன்றாம் முறையில் ஏழு நாள் ஓடிவிட்டது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த வாரம் அது. எட்டாம் நாள் விடியும்போதே மறுபடி பிடித்துக்கொண்டது. அன்று மதியம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மேலே போனேன். பெட்டிக்குப் பின்னால் ஒரு காலி மரப்பெட்டியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கணினித் திரையில் பார்க்காமல் கருவியையே நேரில் பார்ப்போம் என்று தோன்றியது. அத்தனை வாரத்தில் முதல் முறையாக.

பெண்கள் மூவரும் லயத்திலிருந்து நனைந்து வந்தார்கள். தலையோடு கால் மறைக்க மழைக்குப் போர்த்தும் கம்பளிக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. என்னைப் பார்க்கவில்லை.

"ஏண்டி, மழையா இது? ஊசி மாதிரி குத்துது. கொக்கியில என்னோடத மொதல்ல மாட்டு."

"ஒன்னோடது போன மழையில மாட்டுனோம். இன்னிக்கு என் முறை."

"முறையா? லயத்துல குழாய்த் தண்ணிக்கித்தான் முறை வெச்சீங்க, கொக்கிக்குமா?"

மூவரில் வயதானவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். அவர் இருவரையும் அதட்டினார்.

"சண்ட புடிக்காம மூணையும் ஒண்ணு மேல ஒண்ணாப் போடுங்கடி. இந்தத் தொட்டியிலதான் சூடு நல்லா வருது. கம்ப்யூட்டர் ஐயா மவராசன், பாத்துப் பாத்து இந்த எடத்துல கொக்கி அடிச்சுக் குடுத்திருக்காரு. அக்கரையில இருந்தப்ப ஒரு தொரகூட இப்படி நெனைக்கல."

"நமக்காகவா அடிச்சாரு? அப்ப ஏன் அவரு படியேறுற சத்தம் கேட்டதும் எடுத்து ஒளிக்கச் சொல்ற?"

"குடுத்தவரு முன்னாடியே ஈரத்த மாட்டி வெப்பியா? ஒரு மரியாத வேணாம்?"

மூன்று கம்பளிகளும் என் எஃகுத் தாங்கியில் ஏறின. தாங்கியின் முனை இரண்டு விரல் நீளம் மேலே வளைந்திருக்கும். கருவி வழுக்கி விழாமல் இருக்க அந்த வளைவை வரைந்தவன் நான். நான்காம் தொட்டிதான் ட்ரையரின் சூடான குழாய்க்கு மிக அருகில் இருப்பது. காற்று நன்றாக வரும் இடத்தில்தான் அளக்க வேண்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான். அதே காரணத்துக்காகத்தான் அந்த இடத்தில் அவர்கள் எத்தனையோ மழைக்காலமாகத் துணி காயவைத்து வந்திருக்கிறார்கள், அதுவரை ஒரு ஆணியில். என் ஆட்கள் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டுத்தான் தாங்கியைப் பொருத்தியிருக்கிறார்கள்.

என் முழங்காலிலிருந்த டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. மூவரும் திரும்பினார்கள்.

"ஐயா சாப்புடுறீங்களா," என்றார் வயதானவர், கம்பளிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே. "சாப்புடுங்க, சாப்புடுங்க. நாங்க சும்மா கதைச்சுக்கிட்டிருந்தோம்."

அதற்குள் கீழே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. வரிசை நின்றது. எட்டாம் நாள்.

மேனேஜர் அறையில் நானும் டீமேக்கரும் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நம்ம மெஷின்ல தப்பில்லைங்க. ஆளுங்க தப்பு. உங்க படிவத்துல மூணாவதுல ஒரு டிக் போடுங்க சார். போட்டா என்னங்க ஆகும்?"

என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். மூன்றாவது காரணத்தால் நின்ற நாள் நின்றதாகக் கணக்கில்லை. எண்ணிக்கை தொடரும். இன்னும் இரண்டு நாள் ஓடினால் தேறியது. குன்னூரில் அலுவலகம். முதல் கட்டத்தில் போட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து. பத்து நாள் மீதி இல்லை.

"மூணாவதுல போட்டா, பயன்படுத்தினவங்க மேல நீங்க நடவடிக்கை எடுத்து அதையும் எழுத்துல தரணும்," என்றேன். அந்தப் பிரிவையும் நான்தான் சேர்த்திருந்தேன். இல்லாவிட்டால் எல்லா ஃபாக்டரியும் மூன்றாவதையே போடச் சொல்வார்கள்.

"அது நான் பாத்துக்கறனுங்க. மேல மூணு பேரு எதுக்குன்னு மொதலாளி ரெண்டு மாசமாக் கேட்டுட்டே இருக்காரு. காரணமில்லாம நிறுத்துனா யூனியன் வந்து நிக்கும். இப்ப நீங்களே காரணம் எழுதிக் குடுக்கறீங்க. ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

டீமேக்கர் இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆணி அங்க இருந்தது எனக்குத் தெரியும் சார்," என்றார். "நீங்க கேக்கல."

படிவத்தை மறுநாள் காலை தருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். வழியெல்லாம் மூன்றாவது கட்டத்துக்கான வாதங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். நல்ல வாதங்கள். கருவிகள் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேடு ஆங்கிலத்தில், மேனேஜரின் அலமாரியில், உறை பிரிக்காமல் இருந்தது. அதுவும் விதிப்படி என் பொறுப்பில்லை.

வீட்டில் அவள் புடவை மாற்றாமல் ஆஸ்பத்திரிக் கதையைத் தொடங்கினாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். படிவத்தை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவதில் போட்டால் என்ன, முதலாவதில் போட்டால் என்ன என்று ஒளிக்காமல் சொன்னேன். வாதங்களையும் சொன்னேன், வரிசை மாறாமல். அவள் படிவத்தை இரண்டு பக்கமும் படித்தாள். அவளும் நாள் முழுக்க சீட்டுகளைப் படித்து மருந்து கொடுப்பவள்தான்.

"ஏனுங்க, அந்தக் கொக்கிய அங்க வெச்சது யாரு?"

"நான்தான்."

"அந்தப் பொம்பளைங்ககிட்ட வெக்கறதுக்கு முன்னால ஏதாச்சும் கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறம் என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

உள்ளே போய்விட்டாள். ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. சாப்பிட உட்கார்ந்தோம். தட்டை எடுக்கும்போது, "ஊருல இருக்கறவங்க எல்லாம் பொண்டாட்டியோட இருக்கோணும்னா யாரு யாரையோ மாட்டி விட்டுட்டுத்தான் இருக்கறாங்களா?" என்றாள். என்னைத் திட்டினாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் அருகில் போயிருக்கலாம். போகவில்லை.

மூன்றாவதில் போடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். சொல்வாள் என்றுதான் காத்திருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் எழுந்தபோது அவள் சீக்கிரமே வேலைக்குப் போயிருந்தாள். மேசைமேல் படிவம் இருந்தது. அதன் பக்கத்தில் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய என் பை.

முதல் கட்டத்தில் டிக் போட்டேன். விளக்கப் பகுதியில், கருவி பொருத்தும் இடத்தைத் தேர்வு செய்யுமுன் அங்கே நடக்கும் வேலை விசாரிக்கப்படவில்லை என்று எழுதினேன். இது என் நல்ல மனசுக்குச் சான்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் இருப்பதை என்னால் தாங்க முடியாது. அது ஒரு வியாதி மாதிரி.

மீதி நாட்களில் கருவியை ஒரு கை தூரம் தள்ளி வேறு தாங்கியில், வளைவில்லாமல் பொருத்தினேன். பழைய தாங்கியைக் கழற்ற ஆள் வந்தான். இருக்கட்டும் என்றேன். வயதான அம்மா அப்போது தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். "அப்ப இது எங்களுக்கேவா ஐயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என் பெட்டிகளால் அந்த வரிசை ஒருமுறைகூட நிற்கவில்லை என்று டீமேக்கர் பின்னால் சொன்னார். ஆனால் அதற்குள் ஆறு வாரம் முடிந்திருந்தது. தலைவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அறிக்கை மிகத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார். குன்னூரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடிதம் என்னிடம் இருந்தது. நிபந்தனையோடு எழுதிய கடிதம்.

மறுபடி சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை. பர்லியார், பழம், டிபன் டப்பா. சர்க்கரை ஆலைக்கும் காகித ஆலைக்கும் பெட்டிகள் செய்தோம். எந்த இடத்திலும் கருவி பொருத்துமுன், இங்கே யார் நிற்பார்கள், என்ன மாட்டுவார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய ஒரு தனிப் படிவம் கொண்டுவந்தேன். அதை எல்லோரும் வெறுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை பர்லியாரில் பஸ் நின்றபோது டீமேக்கரைப் பார்த்தேன். எதிர்த் திசைப் பஸ்ஸில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஃபாக்டரிய மூடிட்டாங்க சார். கொழுந்து வரத்தே இல்ல."

"அந்த மூணு பேர்?"

"ரெண்டு பேர் திருப்பூர் போயிட்டாங்க. பெரியம்மா மகன்கூட கூடலூர்ல. கடைசி நாள் வரைக்கும் மூணு பேருக்கும் வேலை இருந்துச்சு சார்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "மெஷின் எல்லாத்தையும் இரும்பு விலைக்குப் போட்டாங்க. உங்க பெட்டி நாலையும் சேத்துத்தான்."

இரண்டு வருட வேலை, மூன்று பேருக்கு. எதிர்ப்பக்கத்தில் எங்கள் பதினொரு வருடம். இவற்றை ஒன்றுக்கொன்று சரிபார்க்கப் பலமுறை முயன்றிருக்கிறேன். ஒத்து வருவதில்லை. அன்று மாலை அவளிடம் சொன்னபோது, பழத்தை உடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, "பெரியம்மா கொக்கிய எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றாள். பிறகு தொடர்ந்து உடைத்தாள்.

இப்போது எனக்கு ஓய்வு. அவளுக்கும் ஓய்வு. அதே வீடு. பையைப் பரணில் போட்டது இந்த முறை நான். கேட்டது கிடைத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கிடைத்தது உண்மைதான். ஆனால் என் ஆசையெல்லாம் இன்னமும் அந்த ஆறு வாரத்தின் மேல்தான். புடவை மாற்றாமல் ஆஸ்பத்திரிக் கதை சொல்பவள் அந்த வாரங்களில் இருந்தாள். இப்போது கதை சொல்ல ஆஸ்பத்திரி இல்லை. எதையாவது சொல்ல வாயெடுத்தால்கூட, தனியாகவே இருந்து பழகியவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்கிறாள். பின்னால் நான் நிற்பது அவளுக்குச் சில சமயம் ஞாபகம் வருவதில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. செய்தி வராதபோது ஓடக் கற்றுக்கொண்டவள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்குமேல் சமையலறையில் எலுமிச்சை வாசம் வரும். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். டப்பாவை மூடும் சத்தம் கேட்கும். பிறகு அவள் வெளியே வந்து, கையிலிருக்கும் டப்பாவையும் என்னையும் பார்ப்பாள்.

"பழக்கம் பாருங்க," என்பாள்.

"குடு," என்பேன்.

மேசையில் உட்கார்ந்து நான் அதைச் சாப்பிடுவேன். எதிரில் அவள் உட்காருவாள். கீழே வளைவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கும். அதன் சத்தம் முழுக்கப் போய் முடியும்வரை நாங்கள் இருவரும் எதுவும் பேசுவதில்லை.